தறிக்குழியில் கோடு சார்

பூமியை நம்பாத மனிதர் காஞ்சிபுரத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் எதிர்வீட்டு மாடியில் குடியிருந்தார். பெயர் என்னவோ, தெருவுக்கு அவர் கோடு சார்.

செயற்கைக்கோள் படங்களில் பாறைப் பிளவுகள் நேர்கோடுகளாகத் தெரியுமாம். அவற்றைக் கம்ப்யூட்டரே தேடிச் சிவப்பு போட ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். பிளவு இருந்தால் தண்ணீர் இருக்கும், போர்வெல் போடலாம் என்பது வேலை கொடுத்தவர்களின் ஆசை. சாருக்கோ பிளவு மட்டும்தான் கண்ணில் படும். தோசையில் கீறல் விழுந்தால்கூட, "வடகிழக்கா போவுது பாருப்பா" என்று தட்டைத் தள்ளிவைப்பார். வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறினால், எந்தப் பிளவின்மேல் போகிறோம் என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொண்டே வருவார். ஐயம்பேட்டை வருவதற்குள் பக்கத்து சீட் காலி.

ஒரு காலை, லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். தெருவுக்குப் பின்னால் இருக்கும் திடலில் புதிதாய் ஒரு சிவப்புக் கோடு. நீட்டினால் நேராக, எங்கள் தெருவில் பட்டு நெய்யும் செல்வி அக்கா மிதிகட்டையை மிதிக்கக் கால் இறக்கி உட்காரும் தறிக்குழி.

"செல்விம்மா, கால வெளிய எடும்மா!"

எடுத்ததுதான். மகளின் முகூர்த்தப் புடவை பாதியில் நிற்க, அக்கா குழிக்குள் கால் வைக்க மறுத்துவிட்டாள். கல்யாணமோ நெருங்கிவிட்டது. "உள்ள இழுத்துக்கினா யாருபா புடிப்பீங்க?"

எனக்கும் தரை மெல்லிய தாளாகிவிட்டது. சொம்பைக்கூட ஓசைப்படாமல் வைத்தேன். அடியில் ஏதோ வாய் திறந்து, மூச்சுவிடாமல் காத்திருந்தது.

பிறகு சாரே பழைய படத்தை எடுத்துப் பார்த்தார். அதில் கோடு இல்லை. பாறை பிளக்க யுகங்கள் வேண்டாமா? திடலுக்கு ஓடினார். அங்கே, தறிக்குப் புதுப் பாவு ஏற்றும்போதெல்லாம் செய்வதுபோல, கஞ்சி போட்ட பாவு நூலை நீளநீளமாக இழுத்துக் கட்டிக் காயவைத்திருந்தார்கள்.

"ரோடு, தண்டவாளம், வாய்க்கா எல்லாத்தையும் பிளவு இல்லன்னு தள்ள புரோகிராமுக்குச் சொன்னேன். பாவு நூல சொல்லாம வுட்டுட்டேன்பா!"

"சார், எங்கூட்டுத் துணிக்கொடிய பாத்துக்குங்க, நாளைக்கி அதுல பூகம்பம் வரும்" என்றார் பால்காரர். தெருவே சிரித்தது. செல்வி அக்கா சிரிக்கவில்லை.

"புரியுது சார். கால்தான் கேக்க மாட்டேங்குது."

சார் குழியைப் பார்த்தார். முகம் வெளுத்தது. சட்டென்று வேட்டியை மடித்து உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே தொங்கவிட்டார்.

"பக்கத்துல வாம்மா. இழுத்தா மொதல்ல என்னத்தான் இழுக்கும். நான்தான் வெயிட்டு."

அக்கா உட்கார்ந்து மிதிக்க, கட்டை அசையும்போதெல்லாம் சார் கண்ணை இறுக்கி, "அம்மாடி!" என்றார். எழுந்து போகவில்லை. புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்து இறக்கும்வரை தினமும் வந்து உட்கார்ந்தார்.

இப்போது எந்த ஊரிலோ இருக்கிறார். எதற்காவது எனக்கு நெஞ்சு நடுங்கும்போது, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்னைவிட அதிகமாகப் பயப்பட மாட்டாரா என்றிருக்கிறது.