அவினோ வீட்டுக்கு வந்துபோகும் ஆள்

முழங்கையைக் காக்க வேண்டிய பேட் மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. தோளுக்கானது மார்புப் பக்கம் சரிந்து கிடந்தது. கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்த அவினோ, "இந்த ஜெர்கினுக்குள்ள இன்னொரு ஆளையும் சேர்த்துப் பூட்டலாம் போலிருக்கே" என்றாள்.

"ஆம்பளை சைஸ்தாம்மா வருது" என்றான் கடைக்காரன் வெக்கேசா. "பொம்பளைங்களுக்குன்னு ஒண்ணே ஒண்ணு இருக்கு. காட்டட்டுமா?"

எடுத்து வந்தான். ரோஜா நிறம், இடுப்பில் ஒரு பூ. அவினோ விரலால் நசுக்கிப் பார்த்தாள். மழைக்கோட்டு கனம்கூட இல்லை.

"இதைப் போட்டுக்கிட்டு விழுந்தா என்ன ஆகும்?"

"அழகா விழுவீங்க."

அவினோ ஏற்கெனவே அழகில்லாமல் ஒருமுறை விழுந்தவள். கிசுமு நகரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் பைக்கில் போய் மாடுகளுக்கும் கோழிகளுக்கும் தடுப்பூசி போடுவது அவள் வேலை. அஹேரோ பக்கம் சரளைச் சாலையில் சறுக்கியபோது மெல்லிய சட்டையும் அதற்குக் கீழிருந்த தோலும் சேர்ந்தே போயின. முழங்கையிலிருந்து கல் பொறுக்கிய நர்ஸ், "அடுத்த தடவை எலும்பைப் பொறுக்கணும்" என்றாள். மொம்பாசா துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கணவன் ஒலூச் போனில் இன்னும் சுருக்கமாகச் சொன்னான்: "ஒழுங்கா கவசம் வாங்கிப் போடு. இல்லேன்னா பைக்கை வித்துடு."

பைக் போனால் வேலையும் போகும். ஆண்களின் ஜெர்கினையே எடுத்துக்கொண்டாள். முழங்கால் பேட் வைத்த பேன்ட், கணுக்காலை மூடும் பூட்ஸ், கையுறை எல்லாம் சேர்ந்துகொண்டன.

ஹெல்மெட்தான் தகராறு செய்தது. பின்னல்களுக்கு மேல் அது இறங்கவில்லை. பெரிய சைஸ் இறங்கியது. ஆனால் தலையைத் திருப்பினால் அவள் மட்டும் திரும்பினாள். ஹெல்மெட் கடைக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆடுற ஹெல்மெட்டுக்குப் பதிலா சட்டியைக் கவுத்துக்கலாம்" என்றான் வெக்கேசா. "முடி வேணுமா, மண்டை வேணுமா? நீங்களே சொல்லுங்க."

மண்டை என்று முடிவாயிற்று. அன்றைக்கே பின்னல்களை அவிழ்த்து ஒட்ட வெட்டிக்கொண்டாள்.

தையல்காரி அகோத் ஜெர்கின் கையைக் குறைத்து, பேட்டை முழங்கைக்கு ஏற்றினாள். தோள் தகடு சரியாமலிருக்க இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்தாள். பூட்ஸ் பெரிதாக இருந்ததால் அவினோ கம்பளிக் காலுறையை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டாள். நடை தானாகவே கனத்துவிட்டது. ஹெல்மெட்டுக்கு வெள்ளைக் கண்ணாடி கிடைக்காமல் கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள்.

இப்போது எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. கண்ணாடியில் மட்டும் அவினோவைக் காணவில்லை. அங்கே வாட்டசாட்டமான ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான்.

அடுத்த நாளே ஒரு விவசாயி கேட்டார்: "ஐயா, வழக்கமா ஒரு அம்மா வருவாங்களே, அவங்களுக்கு என்ன ஆச்சு?"

அதற்கடுத்த நாள் குறுக்கே ஓர் ஆடு வந்தது. அவினோ சறுக்கிக்கொண்டு போய் வாய்க்காலில் விழுந்தாள். எழுந்தாள், தட்டிவிட்டுக்கொண்டாள், ஒரு சிராய்ப்பு இல்லை. ஜெர்கினைத் தடவிக்கொடுத்துவிட்டு மறுபடி வண்டியில் ஏறினாள். இனி இதில்லாமல் வண்டியைத் தொடுவதில்லை என்று தீர்மானித்ததும் அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் அவள் உட்கார்ந்ததும் பக்கத்துப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அன்று மாலை ஒலூச் கூப்பிட்டான். குரல் சரியில்லை.

"யாரு அந்த ஆளு?"

"எந்த ஆளு?"

"தினமும் இருட்டற நேரத்துல உன் பைக்குல வந்து, உன் வீட்டுக்குள்ள போறானாம். விடியக்காலம்தான் வெளிய வர்றானாம். நல்ல உயரமாம். தோள் இவ்வளவு அகலமாம்."

அவினோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அட, அது நான்தான் ஒலூச்! நீ போடச் சொன்ன கவசம்!"

"உன் தோள் எவ்வளவு அகலம்னு எனக்குத் தெரியாதா?"

வாயால் சொல்லிப் பயனில்லை என்று, எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாள். உடனே போன் அடித்தது.

"அவன் போட்டோவை எனக்கே அனுப்புறியா நீ?"

இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று விசாரித்தாள். சந்தையில் வேர்க்கடலை விற்கும் பெல்டினாவிடமிருந்துதான் என்றார்கள். அவினோ வாடகைக்கு இருக்கும் அதே முற்றத்தில் அடுத்த கதவு. விதவை, தனியாக இருப்பவள். அவினோ ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

"பெல்டினாக்கா, இதைப் பாருங்க. வந்துபோற ஆளு நான்தான்."

பெல்டினா ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்தாள். "அப்படியா யிம்போ ஊரு மகளே? பொழுது சாஞ்சா எனக்குக் கண்ணு சரியா தெரியறதில்லம்மா" என்று சொல்லி, ஒரு கை நிறைய வறுத்த கடலை கொடுத்து அனுப்பினாள்.

சரியாகிவிட்டது என்று நினைத்தாள் அவினோ. ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று, மறுநாள் பேன்ட்டுக்கு மேல் பூப்போட்ட துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். பார்த்ததும் பெண் என்று தெரியுமல்லவா?

சந்தையில் பேச்சு மாறியது. "கேட்டீங்களா? இப்ப அவளோட துணியையே எடுத்துக் கட்டிக்கிட்டு போறானாம். அவ்வளவு உரிமை!" சொன்னது பெல்டினா.

சரி, கவசத்தோடு முற்றத்துக்குள் நுழைந்தால்தானே வம்பு? பெட்ரோல் பங்கில் எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கில் கட்டி, வெறும் சட்டையில் பைக்கை உருட்டிக்கொண்டு வந்தாள். தோளில் சாக்கு, அதிலிருந்து ஒரு பூட்ஸ் எட்டிப் பார்த்தது.

"பாவம், இப்ப அவன் அழுக்குத் துணியை வேற இவதான் துவைக்கிறா" என்றாள் பெல்டினா. "பூட்ஸைப் பார்த்தீங்கல்ல? எப்பேர்ப்பட்ட காலு! ஒரு உதை விட்டா எவனும் எழுந்திருக்க மாட்டான்."

முற்றத்து வீடுகளின் சொந்தக்காரர் ஒகோலா அவினோவை நிறுத்திக் கேட்டார்: "வாடகை வீட்டுல ஆள் சேர்த்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? சண்டைக்காரனாமே அவன்?"

"நான்தான் ஐயா அது!"

"புருஷனுக்குப் பயந்து சொல்றே. புரியுதும்மா" என்றார் ஒகோலா, இரக்கத்தோடு.

அன்று இரவு அவினோவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒலூச்சும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். அவள் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. பைக்கை விற்றுவிட்டால் எல்லாம் அடங்கும். விற்றுவிட்டு என்ன செய்வது? நன்றாக யோசித்தும் தான் செய்த தப்பு என்னவென்று அவளுக்கு விளங்கவில்லை. விழுந்தால் அடிபடக் கூடாது என்று நினைத்தாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஏரிப் பக்கமிருந்து மழை கறுத்துக்கொண்டு வந்தது. கவசத்தைக் கழற்ற நேரமில்லை. முழு வேஷத்தோடு முற்றத்துக்குள் வண்டியை விட்டாள்.

நடுவில் ஒலூச் நின்றுகொண்டிருந்தான். காலடியில் பயணப் பை. அவனுக்குப் பின்னால் கைத்தடியோடு ஒகோலா, அவருக்குப் பின்னால் அக்கம்பக்கம் முழுவதும்.

"ஒலூச்! நான்தான்!" என்று கத்தினாள் அவினோ. மழையிலும் ஹெல்மெட்டுக்குள்ளும் அது ஏதோ உறுமலாகத்தான் வெளியே வந்தது.

"உறுமுறியாடா?" ஒலூச் பாய்ந்து வந்து அவள் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டான்.

தகடு 'டங்'கென்றது. அவினோ அசையவில்லை. ஒலூச் கையைக் கவட்டுக்குள் இடுக்கிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "ஐயோ! கல்லு மாதிரி இருக்கானே!"

அவினோ ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

ஒலூச் அவளுடைய ஒட்ட வெட்டிய தலையை அண்ணாந்து பார்த்தான்.

"முடி எங்கே?" என்றான் ஒலூச்.

"ஹெல்மெட்டுக்குள்ள இறங்கலை. கையைக் காட்டு." கன்றுக்குட்டியின் காலைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு விரலாக அமுக்கிப் பார்த்தாள். "உடையலை. வீங்கும், அவ்வளவுதான். உள்ளே ஒருத்தன் இருந்திருந்தா அவனைக் கொன்னிருப்பே போல."

"உனக்கு வலிக்கலையா?"

"யாரோ கூப்பிடத் தட்டின மாதிரி இருந்துச்சு."

ஒலூச் அவள் தோளை இன்னொரு கையால் தொட்டுப் பார்த்தான். முகம் கோணியது. "உன்னையா அடிச்சேன்..." என்று ஆரம்பித்தவன், வீங்கிய விரல்களைப் பார்த்துச் சிரித்துவிட்டான். "நல்ல சாமான்தான் வாங்கியிருக்கே, போ."

முற்றமே சிரித்தது. ஒகோலா கைத்தடியை ஊன்றிக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். அவினோவுக்கும் தெம்பு வந்தது. எல்லோருக்கும் முன்னால் ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினாள்: இது தகடு, இது பஞ்சு, இது கம்பளிக் காலுறை. முடிவில் நனைந்த பனியனில் ஒல்லியாக ஒருத்திதான் மிச்சம். வாசலில் மழைக்கு ஒதுங்கியிருந்த வாடகை பைக் ஓட்டுகிறவர்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மழை விடுவதற்குள் சேதி சந்தைக்குப் போய்விடும்.

பெல்டினா மட்டும் சிரிக்கவில்லை. தன் வாசற்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வருத்தப்படாதீங்க அக்கா" என்று அவினோதான் சமாதானம் சொன்னாள். "இருட்டுல யாரா இருந்தாலும் ஆளை மாத்திப் புரிஞ்சுக்கத்தான் செய்வாங்க."

"யாருடி மாத்திப் புரிஞ்சுக்கிட்டது? முத நாளே நீதான்னு எனக்குத் தெரியும்" என்றாள் பெல்டினா. "பொம்பளைங்க தனியா இருக்கிற வீடுன்னு என் பின்கதவைத் திருட்டுப் பயலுங்க உடைச்சுக்கிட்டே இருந்தானுங்க, நம்ம ரெண்டு வீட்டுக்கும் காவலா ஒரு முரட்டு ஆம்பளையை நான் பாடுபட்டு உண்டாக்கி வெச்சா, நீ அவனைத் தெருவே பார்க்கக் கழட்டிப் போட்டுட்டியேடி!"