வேஸ்டேஜ் 0.4 சதவீதம்

நைல் நதியில் வெள்ளம் வடிந்ததும் எகிப்தியர் கயிறு பிடித்து நிலம் அளந்தார்கள். வெள்ளைக்காரன் வந்து சங்கிலி போட்டு அளந்தான். நில அளவையின் மூன்றாவது யுகம் 2001 ஆகஸ்டில், ஆம்பூரில், டயர் ரீட்ரெடிங் கடையின் மாடியில் பிறந்தது. நிலத்துக்குப் போகாமலேயே அளக்கும் அந்த யுகத்தைத் தொடங்கிவைத்த மூவரில் நானும் ஒருவன் என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நிறுவனத்தின் பெயர் ‘துல்லியம் சர்வே அசோசியேட்ஸ்’. நிர்வாகப் பங்குதாரர் ரிச்சர்ட், பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவர். கம்ப்யூட்டர் வாங்கியது அவர்தான். அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டதும் அவர்தான். ஆலோசகர் கோதண்டராமன், அரசாங்க சர்வேயராக முப்பத்தொரு வருஷம் வெயிலில் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்றவர். இனி நிழலில் மட்டுமே அளப்பது என்று சங்கல்பம் செய்திருந்தார். மூன்றாவது ஆள் நான். படத்தின் கீழே கையெழுத்துப் போட ஓர் உரிமம் தேவைப்பட்டது. அது என்னிடம் இருந்ததால் நானும் தேவைப்பட்டேன்.

திறப்பு விழா ரிப்பனைக் குப்பைக் கூடையில் போடுவதற்குள் முதல் வாடிக்கையாளர் வந்துவிட்டார். ஓர் அம்மா, பெயர் தனகோடி. ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன், பதினாலு வருஷ சர்வீஸ். ஊருக்கு வெளியே அவருக்கு இருபத்திரண்டு சென்ட் நிலமும், அதன் ஓரத்தில் ஒரு கிணறும் இருந்தன. தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுத் தண்ணீர் இறங்கி எல்லாக் கிணறும் உப்புக் கரித்துப்போன அந்தப் பக்கத்தில், குடிக்க முடிகிற கிணறு அது ஒன்றுதான்.

“பக்கத்துல தண்ணி லாரி ஓட்றாரே ஜோஸ், கெணறு அவரோடதுன்றாரு சார். நடுவுல பொதுவுல ஒரு வண்டிப்பாதை இருக்குது, அத்தயும் அவரோடதுன்றாரு. இருவத்தெட்டாந்தேதி தாலுகா ஆபீஸ்ல விசாரணை. ஒரு தபா வந்து அளந்து படம் போட்டுக் குடுங்க, போதும்.”

“அளக்கறது ரெண்டாவதும்மா,” என்றார் ரிச்சர்ட். “மொதல்ல சாஃப்ட்வேர் முடிவு பண்ணணும்.”

“சைக்கிள்ல போனா இருவது நிமிஷம் சார்.”

“சாஃப்ட்வேர் இல்லாம போய்ட்டு வந்து, அந்த அளவ எங்க போடறது?”

தனகோடி படியிறங்கிப் போனார். தொழில்நுட்பத்தின் முதல் வெற்றி அது.

உடனடியாக ‘மென்பொருள் தேர்வுக் குழு’ அமைக்கப்பட்டது. மூவரும் உறுப்பினர்கள், மூவரும் தலைவர்கள். மொத்தம் பதினோரு அமர்வுகள். சமோசா ஆறிப்போன காரணத்தால் நான்காம் அமர்வு மட்டும் ஒத்திவைக்கப்பட்டது.

முதலில் அமெரிக்க மென்பொருள் பரிசீலிக்கப்பட்டது.

“நல்ல சாமான்தான்,” என்றார் ரிச்சர்ட். “ஆனா ஃபீல்டுல எடுத்த அளவ அடிச்சாத்தான் கோடே போடுது.”

“அளவு கேக்குதா?” கோதண்டராமன் முகம் சுளித்தார். “அப்ப அதுக்கும் சங்கிலிக்கும் இன்னா வித்தியாசம்?”

நிராகரிக்கப்பட்டது.

அடுத்தது பெங்களூரில், நில அளவைக்கென்றே செய்தது. விலையும் கம்மி. ஆனால் திறந்ததும், எல்லைக் கல் இருக்கிறதா, நேரில் பார்த்தீர்களா என்று கேட்டது. மேலதிகாரிகளிடமிருந்து விடுபடவே ஓய்வு பெற்றதாகக் கோதண்டராமன் சொன்னார். அதுவும் நிராகரிக்கப்பட்டது.

இடையில் தனகோடி இரண்டு முறை வந்தார். “ஜோஸு கல்லு எறக்கிட்டாரு சார். செவுரு வைக்கப் போறாரு.”

“எறக்கட்டும்மா,” என்றார் கோதண்டராமன். “இங்க அமர்வு நடக்குது.”

ஒன்பதாம் அமர்வுக்கு ரிச்சர்டின் மச்சான் ஆபேல் ஒரு சி.டி.யோடும், கம்ப்யூட்டரில் மாட்டுகிற ஒரு பலகையோடும் வந்தார். ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர். சி.டி. உறையில் ஒரு பூட்ஸ் படம் இருந்தது. “இத்தாலி,” என்றார். ஆம்பூரில் அந்தச் சொல்லுக்கு மேல் கேள்வி கேட்பது மரபல்ல. ஆனாலும் குழு கடமையைச் செய்தது.

“இது தோலுக்குத்தான மச்சான்?”

“தோலு எவ்ளோ வெலை! அதுக்கே செய்யுது, மண்ணுக்குச் செய்யாதா? அளவெல்லாம் கேக்காது. பழைய படத்த பலகை மேல வெச்சு மூலைய மூலைய க்ளிக் பண்ணு. மிச்சத்த அது பார்த்துக்கும்.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

தாலுகா ஆபீஸிலிருந்து வாங்கிய பழைய படத்தை வைத்து ரிச்சர்ட் க்ளிக் செய்தார். கிணற்றுக்கு அந்த மென்பொருளில் குறியீடு இல்லை. ‘குறை’ என்று ஒரு வட்டம் இருந்தது; அதைப் போட்டார். கடைசிப் பொத்தானை அமுக்கியதும் நிலங்கள் அசைந்தன, திரும்பின, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பாதையைக் காணோம். இடைவெளியே இல்லாத ஒரு கிராமம், ஏழு வண்ணங்களில். கீழே ஒரு வரி: வேஸ்டேஜ் 0.4 சதவீதம்.

“என் சர்வீஸ்ல இவ்ளோ சுத்தமான கிராமத்த பார்த்ததில்ல,” என்று கோதண்டராமன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். நான் கையெழுத்திட்டேன்.

படத்தைப் பார்க்க வந்த தனகோடி, அதைத் தொடாமலே சொன்னார்.

“சார், இது நாங்க தோல்ல ஷூவுக்குப் பீஸ் வெட்டப் போடறதாச்சே. வேஸ்டேஜ் ஆவக் கூடாதுன்னு பீஸ திருப்பித் திருப்பி நெருக்கிப் போடும். தோல்ல ஓட்டை இருந்தா, அது எந்தப் பீஸ்லயும் வராத மாதிரி ஒதுக்கிடும். என் கெணத்த ஓட்டைன்னு ஒதுக்கி வெச்சிருக்குது. என் நெலத்த தலைகீழா திருப்பி அந்தாண்ட தள்ளியிருக்குது.”

“யம்மா, இது இத்தாலி.”

“இருக்கட்டும் சார். மாடு செத்துப்போச்சு, தோல திருப்பிப் போடலாம். நெலம் அங்கயேதான கெடக்குது? யாருனா போய்ப் பார்த்தீங்களா?”

நேரில் பார்த்தால் முன்முடிவு ஏற்பட்டுவிடும் என்று நான் விளக்கினேன்.

“பேஜாரு புடிச்ச படம்,” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மறுநாள் ஜோஸ் வந்து ஒரு பிரதி கேட்டார். அறிவியல் கட்சி பார்ப்பதில்லை, கொடுத்தோம்.

விசாரணையில் அதிகாரியின் மேஜைமேல் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று எங்கள் ஏழு வண்ணப் படம், ஜோஸ் கொடுத்தது. மற்றொன்று ஷூ பேட்டர்ன் வெட்டும் அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் போட்டது.

“இது யார் அளந்தது?”

“நானும் மஹ்பூபியும் சார். என்கூட கட்டிங்ல இருக்குது. ஞாயித்துக்கெழம டேப் புடிச்சு அளந்தோம். கல்லு நாலும் இருக்குது.”

“லைசென்ஸ் இருக்கா?”

“கண்ணு இருக்குது சார்.”

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “உங்க படம் சரியா?”

“பதினோரு அமர்வுகளின் முடிவு அது,” என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

தீர்ப்பு எங்கள் படத்தின்படி வந்தது. கிணறு யாருடைய நிலத்திலும் இல்லை. அதுதான் அந்த 0.4 சதவீதம். யாருக்கும் இல்லாத கிணற்றில் யாராவது தவறி விழுந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் ஜோஸ் அதைத் தன் சுவருக்குள் எடுத்துக்கொண்டார்.

புதிய எல்லைக்குக் கல் நடும் நாளில்தான் நான் முதல் முறையாக அந்த நிலத்துக்குப் போனேன். தனகோடி அட்டைப் படத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். சங்கிலியை விரித்துச் சரிபார்த்தேன். வேலிக்காத்தான் புதருக்குள் பழைய கல் நான்கு, பத்தடிப் பாதை, கிணறு, எல்லாம் அவர் போட்ட இடத்தில், அவர் எழுதிய அளவில் இருந்தன. ஆனால் ஒரு வல்லுநர் எளிதில் ஓய்ந்துவிடுவதில்லை. சைக்கிளில் இருபது நிமிஷம் என்று அவர் சொல்லியிருந்தார். எனக்குப் பதினெட்டுதான் ஆகியிருந்தது. அவர் அளந்ததில் அந்த ஒரு பிழைதான் இருந்தது. அதை அவரிடம் சுட்டிக்காட்டினேன். பிறகு எங்கள் படத்தின்படி கல்லை நட்டுவிட்டு வந்தேன்.