காப்புத்தூள் தொட்ட மாங்காய்

வியாழக்கிழமை என்றால் சுன்னாகத்தில் செடிகொடிகளுக்கு வைத்திய நாள். சந்தைக்குப் பின்பக்கத்துக் குறுகிய ஒழுங்கையில் விடியமுன்னமே வரிசை தொடங்கிவிடும். வாடிய வெண்டி, சுருண்ட மிளகாய், மொட்டு உதிர்த்த மல்லிகை எல்லாம் சொப்பிங் பைக்குள் இருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு காத்திருக்கும். அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்த சனத்துக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. அப்படித்தான் அவர்களும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வைத்தியர், பச்சைச் சாமியார். வேட்டி பச்சை, சால்வை பச்சை, உட்கார்ந்திருந்த பிளாஸ்ரிக் கதிரையும் பச்சை. முன்னம் எங்கேயோ மின்விசிறி திருத்தினவர் என்று பொறாமைக்காரர் சொல்வார்கள். இப்போது வீட்டுத்தோட்டம் திருத்துகிறார். புரட்டாதியில் நாற்று மேடை போட்டு மாரி மழைக்கு நட்டதோ, மழை விட்டபின் தையில் விதைத்ததோ, கிணற்றை நம்பிக் கோடைக்குப் போட்டதோ, எது பட்டுப்போனாலும் அவர் கண்டுபிடிக்கும் காரணம் ஒன்றுதான்: பிறத்தியார் கண் பட்ட கண்ணூறு. மருந்தும் ஒன்றுதான்: காப்புத்தூள். மஞ்சள் நிறத்தில், சின்னத் தகர ரின்னில், சிவப்பு நூல் சுற்றிக் கொடுப்பார். காசைச் சாமியார் கையாலும் தொடமாட்டார். தொடுவதற்கென்றே பக்கத்தில் மச்சான் கேதீஸ்வரன் இருந்தார்.

தூளுக்கு ஒரு கடும் விதி உண்டு. கரண்டியால் அள்ளிச் செடியின் அடியில் தூவவேண்டும். தவறி வாயில் பட்டால் நாக்கு இழுத்துப்போடும், பேச்சே நின்றுவிடும். கேட்ட சனம் வீட்டுக்குப் போய், ரின்னைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தது.

அந்தப் பங்குனி வியாழன் வரிசையில் தேவகுமாரியும் நின்றாள். கையில் செடி இல்லை. துணியால் மூடிய ஒரு தாம்பாளம் இருந்தது. அவளுடைய கத்தரியும் பயற்றையும் செவ்வந்தியும் வீட்டு வளவில் செழிப்பாகத்தான் நின்றன. அவளுக்குப் பட்டுப்போனது வேறொன்று.

தேவகுமாரியின் வளவுக்கும் பக்கத்து வீட்டுச் செல்வநாயகியின் வளவுக்கும் நடுவே தென்னோலைக் கிடுகு வேலி. வேலியில் ஒரு பொட்டு. ஒரு ஆள் குனிந்து புகக்கூடிய ஓட்டை. அதற்குள்ளால் நடுவதற்குக் கத்தரிக் கண்டு போகும், கறிவேப்பிலை வரும். கிறிஸ்து பிறந்த நத்தாருக்குக் கேக் போகும், தைப்பொங்கலுக்குப் பொங்கின புக்கை வரும். கலியாணம் கட்டி வந்த நாள் தொட்டு இந்த இரண்டு பெண்களும் அழுததும் சிரித்ததும் அந்தப் பொட்டுக்குப் பக்கத்தில்தான்.

கார்த்திகை மழையில் செல்வநாயகியின் கத்தரி அழுகியது. அவளுடைய வளவு பள்ளம், வெள்ளம் நின்றது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் வெள்ளத்தைக் குற்றம் சொன்னால் வாய்க்கால் வெட்டவேண்டும். சாமியாரிடம் போவதற்குப் பஸ் ஏறினால் போதும்.

சாமியார் கண்ணை மூடித் திறந்தார்.

"வேலியிலை ஒரு பொட்டு இருக்கோ, பிள்ளை?"

"ஐயோ, ஓம் சாமி!"

"அதுக்குள்ளாலைதான் கண் வருகுது. பொட்டை அடை. தூளைத் தூவு."

யாழ்ப்பாணத்தில் வேலி இருந்தால் பொட்டும் இருக்கும் என்று சொல்ல ஞானக்கண் தேவையில்லை. செல்வநாயகி ஞானக்கண் என்றே நம்பினாள். அன்று பின்னேரமே பொட்டில் புதுக் கிடுகு கட்டினாள். தையில் வெண்டி போட்டு, தூளும் தூவினாள். இலை ஓரம் கருகியது. சாமியார், கண் கடுமை, இன்னும் தூவு என்றார். தூவினாள். முழுக்கக் கருகியது. அப்படியென்றால் அந்தக் கண் எவ்வளவு பொல்லாத கண்ணாக இருக்கவேண்டும்!

மாசியில் ஒருநாள் தேவகுமாரியின் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு செல்வநாயகியின் வளவுக்குள் போய்விட்டது. பதறிக்கொண்டு வாசல் படலையால் ஓடினவள் அப்படியே நின்றாள். ஆடு மிஞ்சி நின்ற பச்சைக் கண்டுகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. கருகின வெண்டிக்குக் கீழே நின்று மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு ருசி.

செல்வநாயகி விளக்குமாற்றோடு வந்தாள்.

"கண்ணாலை எரிச்சது காணாதெண்டு இப்ப ஆட்டையும் அவிட்டு விட்டனியோ?"

"அக்கா, என்ன கதை கதைக்கிறியள்? நானோ உங்களுக்குக் கண் வைக்கிறன்?"

"என்னை அக்கா எண்டு கூப்பிடாதை."

தேவகுமாரி ஆட்டை இழுத்துக்கொண்டு வந்து அடுப்படியில் இருந்து அழுதாள். அழுது முடிந்ததும் ஆடு ஏன் மண்ணை நக்கியது என்று யோசித்தாள். அடுத்த வியாழன் போய் ஒரு ரின் வாங்கிவந்தாள். விரல் நுனியில் தொட்டாள். அவளுக்கும் பயம் இல்லாமல் இல்லை, "கர்த்தரே" என்று சொல்லிக்கொண்டுதான் நாக்கை நீட்டினாள். பிறகு தன் பெயரைத் தானே ஒருமுறை உரத்துச் சொல்லிப் பார்த்தாள். நாக்கு நன்றாகத்தான் வேலை செய்தது.

இப்படித்தான் அவள் இந்த வரிசைக்கு வந்தாள். முன்னால், ரோசாச் சாடி ஒன்றைக் குடைக்குள் மறைத்தபடி நின்றவர் அவளுடைய தேவாலயத்து ஐசாக் மாஸ்ரர்.

"நான் சும்மா ஒருக்காப் பாத்திட்டுப் போக வந்தனான், பிள்ளை. போதகருக்குச் சொல்லிப்போடாதை."

வரிசையின் நடுவில் செல்வநாயகி நின்றாள். தேவகுமாரியைக் கண்டதும் தன் மிளகாய்க் கண்டைச் சேலைத் தலைப்பால் மூடினாள்.

தேவகுமாரி வரிசையை விட்டு முன்னுக்குப் போய்த் தாம்பாளத்தைக் கேதீஸ்வரனிடம் நீட்டினாள். "எங்கடை மரத்து மாங்காய். சாமிக்குக் கொண்டுவந்தனான்."

நீளமாக வெட்டின பச்சை மாங்காய்க் கீலங்கள், மேலே மிளகாய்த்தூள் தூவிப் பளபளவென்று இருந்தன. சாமியார் ஒன்றை எடுத்துக் கடித்தார். கண்ணை மூடினார். ஞானம் பிறக்கும்போது மூடுவதைவிட இப்போது உண்மையாக மூடினார்.

"உப்பு அந்தமாதிரிப் பிடிச்சிருக்கு, பிள்ளை. கேதீஸ், எல்லாருக்கும் பிரசாதமாக் குடு."

வரிசை முழுவதும் மாங்காய் தின்றது. செல்வநாயகி கண்ணில் ஒற்றிவிட்டுத் தின்றாள். ஐசாக் மாஸ்ரர் ஒன்றைத் தின்று, இன்னொன்றைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

தேவகுமாரி கைகட்டிக் கேட்டாள்.

"சாமி, உந்தக் காப்புத்தூள் வாயிலை பட்டால் என்ன நடக்கும்?"

"எத்தினைதரம் சொல்லுறது? நாக்கு இழுத்துப்போடும். ஒரு சொல்லுக் கதைக்கேலாது."

"ஆருக்கெண்டாலுமோ?"

"தேவருக்கெண்டாலும்!"

"அப்ப எப்பிடிச் சாமி நீங்கள் இவ்வளவு வடிவாக் கதைக்கிறியள்? மாங்காய்க்கு நான் வீட்டு உப்புப் போடேல்லை. உங்கடை ரின்னிலை இருந்ததைத்தான் போட்டனான்."

ஒழுங்கை முழுவதும் ஒரே நேரத்தில் நாக்கை அசைத்துப் பார்த்தது. ஐசாக் மாஸ்ரர் தலையைக் குனிந்து சங்கீதம் ஒன்றை மெல்லச் சொல்லிப் பார்த்தார். வந்தது. கேதீஸ்வரன்தான் முதலில் சத்தமாகக் கேட்டார். "மச்சான், அப்ப உது வெறும் உப்போ? எனக்கும் சொல்லேல்லையே!"

சாமியார் அசையவில்லை. அந்தத் தொழிலில் அசையக்கூடாது.

"நான் கையாலை தொட்டுக் குடுத்தபடியால் தோஷம் விலகிப்போச்சு," என்றார்.

"பாத்தியளோ, சாமியின்ரை சக்தியை!" என்று ஒரு குரல் எழுந்தது. பாதி வரிசை தலையாட்டியது. தேவகுமாரி விடவில்லை. மேசையில் இருந்த புது ரின் ஒன்றை எடுத்துச் சிவப்பு நூலை அறுத்தாள்.

"இதை இன்னும் நீங்கள் தொடேல்லைத்தானே, சாமி?"

"எட, வேண்டாம் பிள்ளை, விசர் வேலை பாக்காதை!"

ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டாள். முகம் கோணியது. சனம் ஒரு அடி பின்னுக்குப் போனது. சிலர் வீடியோ எடுத்தார்கள். தேவகுமாரி விழுங்கினாள், இருமினாள், கண்ணைத் துடைத்தாள். பிறகு வரிசையின் நடுவைப் பார்த்துக் கதைத்தாள்.

"அக்கா, கத்தரிக் கண்டு முத்துது. உங்களுக்கெண்டு ஒரு பாத்தி பிடுங்காமல் வச்சிருக்கிறன். பொட்டைத் திறவுங்கோ."

செல்வநாயகி மிளகாய்க் கண்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். ரின்னுக்குள் விரலை விட்டாள். நாக்கில் வைத்தாள். காறித் துப்பினாள்.

"உப்பு!" என்று கத்தினாள். "மஞ்சள் பிரட்டின உப்பு! உவர்த் தண்ணி பட்டாலே கருகிற வெண்டிக்கு, ஐயோ, என்ரை கையாலை கரண்டி கரண்டியா உப்பை அள்ளிப் போட்டனே! கண் கண் எண்டு என்னைப் பேய்க்காட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடை பகைக்க வச்சிட்டானே, பாவி!"

அவள் திரும்பியபோது பச்சைக் கதிரை மட்டும் இருந்தது. சாமியார் பின்படலையால் போய்விட்டிருந்தார். வேட்டியைத் தூக்கிக் கட்டியதில் உள்ளே நீலக் காற்சட்டை தெரிந்ததாக ஐசாக் மாஸ்ரர் சொன்னார்.

அடுத்தநாள் விடிய, வேலியில் கிடுகு சரசரத்தது. பொட்டுக்குள்ளால் செல்வநாயகியின் தலை வந்தது. கண்கள் சிவந்திருந்தன.

"தேவி, வாய் கூசுது, என்னத்தைச் சொல்ல? எனக்கு ஒரு அடி அடி."

"அடிக்க நேரமில்லை அக்கா. முதல் மேல்மண்ணை வழிச்சு எறிவம். பேந்து நல்லாத் தண்ணி விட்டுக் கழுவவேணும். வாய்க்காலும் வெட்டவேணும். மாரிக்காவது கத்தரி காய்க்கட்டும்."

இருவரும் அழுதார்கள், சிரித்தார்கள், மண்வெட்டியை எடுத்தார்கள்.

அடுத்த கிழமை வல்வெட்டித்துறைப் பக்கம் நீலச் சாமியார் ஒருவர் வந்திருப்பதாகவும், மீன்படாத வலைக்கு ஒரு தூள் கொடுப்பதாகவும் கதை அடிபட்டது. ஐசாக் மாஸ்ரர் பஸ் நேரம் விசாரித்தாராம். சும்மா பார்க்கத்தான்.

காணி வாங்கப் போனால் முதல் வேலையாகக் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டு, நல்ல தண்ணியோ உவரோ என்று பார்க்கிற சனம் இது. மூன்று மாதம் தோட்டத்தில் உப்பைக் கொட்டியபோது ஒருவருக்கும் அந்த நாக்கு நினைவுக்கு வரவில்லை. ஆட்டுக்கு வந்தது. அதற்குச் சாமியார் சொன்னது விளங்காது, அதனால் தப்பிவிட்டது. விளங்குகிற நாங்கள்தான் இனி யோசிக்கவேண்டும்.