தோற்கவும் விடாத சம்பந்தி

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுகிறேன். இங்கே என் ரத்தக்கொதிப்பைத் தவிர மற்ற அனைவரும் சுகம். உங்கள் சுகத்துக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன்.

நூலக மண்டபத்துச் சதுரங்கப் போட்டியில், நம் பெண்ணைக் கொடுக்கப்போகிற வீட்டுச் சம்பந்தியையே எனக்கு எதிராளியாகப் போட்டுவிட்டார்கள் என்று போனில் சொன்னேன் அல்லவா? "கேரம்ல தோத்ததுக்கே கூடப்பிறந்த தம்பியோட ஒரு வருஷம் பேசாத மனுஷன் அவரு. கல்யாணத் தேதி குறிக்கிற நேரத்துல ஜெயிச்சுகிச்சு வச்சுடாதீங்க" என்று உன் அக்கா வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாள். அதனால்தானே சீக்கிரம் தோற்க ஒரு ஓப்பனிங் கேட்டேன்? நீயும் "ரெண்டே நகர்த்தல்ல கதை முடிஞ்சிடும் அத்தான்" என்று அடித்துச் சொன்னாய். நீ சொன்னபடியே ராஜா பக்கத்து மந்திரிக்கு முன்னாலிருந்த சிப்பாயை ஒரு கட்டம், குதிரைக்கு முன்னாலிருந்ததை இரண்டு கட்டம் தள்ளி, ராஜாவை அம்போவென்று நிறுத்தினேன். அவர் ராணிக்கு வழியும் திறந்தே கிடந்தது. குறுக்கே இழுத்தால் செக்மேட். கை ராணிக்கு மேலே போயிற்று, நான் கைகுலுக்க எழுந்தேவிட்டேன். மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஓரத்துச் சிப்பாயைத் தள்ளுகிறார்! அடடா, இவரும் நமக்காக விட்டுக்கொடுக்கிறாரே என்று உருகிப்போனேன். நான் மட்டும் சும்மா விடுவேனா? என் ராணியைக் கொண்டுபோய் அவர் சிப்பாயின் வாயிலேயே வைத்தேன். தொடவில்லை. யானையைக் கொடுத்தேன், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் குதிரையை முன்னும் பின்னும் ஆட்ட, நானும் என் குதிரையை ஆட்ட, அதே நிலை திரும்பத் திரும்ப வந்து, நடுவருக்கே பொறுமை போய், "ரெண்டு பேரும் விளையாட வந்தீங்களா, உபசாரம் பண்ண வந்தீங்களா?" என்று டிரா எழுதிவிட்டார். சம்பந்தி என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. இப்படிப்பட்ட பெருந்தன்மைக்காரர் வீட்டில் நம் பெண் ஒரு குறையும் இல்லாமல் இருப்பாள்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவியை மிகவும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
வெல்லாமல் தப்பித்த அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது சம்பந்தி போன் செய்தார். "என்ன ஆட்டம் சம்பந்தி! ஜெயிச்சே தீரணும்னு ஒரு மாசமா பயிற்சி எடுத்துட்டு வந்தேன். அந்த ரெண்டு சிப்பாயைத் தள்ளுனீங்க பாருங்க, அப்பவே எனக்கு வேர்த்துப்போச்சு. ராணியை அவ்வளவு துணிச்சலா கொண்டுவந்து நிறுத்துனதும், ஏதோ பொறி வச்சிருக்கீங்கன்னு தொடவே பயந்துட்டேன். டிரா ஆனது என் அதிர்ஷ்டம்!" என்றார். ஞாயிற்றுக்கிழமை தேதி குறிக்க வருகிறார். கூடவே பலகையும் வருகிறது. அடுத்த போட்டியில் அந்த ஓப்பனிங்கைத்தான் ஆடப்போகிறாராம், நான் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். தயவுசெய்து நீயே வந்து கற்றுக்கொடு. நான் சமையலறையில் உன் அக்காவுக்கு ஒத்தாசையாக இருக்கிறேன்.