பத்தரைப் பல்

மேல்பக்கம் பதினொன்று. கீழ்ப்பக்கம் பதினொன்று. இடப்பக்கமும் பதினொன்று. வலப்பக்கம் மட்டும் பத்தரை.

ஓய்வுபெற்ற குமாஸ்தா பூதக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார். விளிம்பில் இரண்டு சென்டிமீட்டருக்குள் எத்தனை ஓட்டை, எத்தனை பல் என்று பார்த்தால் தபால்தலையின் வண்டவாளம் தெரிந்துவிடும். கலங்கரை விளக்கம் போட்ட இந்தத் தலை, பதினான்கு பல்லோடு என்றால் எங்கும் கிடைக்கும். பதினொரு பல் அபூர்வம். அதற்காக இருபது வருடமாக ஆல்பத்தில் ஒரு கட்டத்தைக் காலியாகவே வைத்திருந்தார்.

மனைவி இருந்தவரை, தையல் மிஷினிலிருந்து தலையைத் திருப்பாமலே கேலி செய்வாள்.

"ஊரான் பல்லையெல்லாம் எண்ணுறீங்களே, எனக்குக் கடைவாய்ப்பல் ரெண்டு போனது தெரியுமா?"

தெரியாது. அவள் போய் மூன்று மாதம் ஆகிறது.

இன்றுதான் ஆல்பத்தைத் திறந்தார். காலிக் கட்டத்தில் கலங்கரை விளக்கத் தலை உட்கார்ந்திருந்தது. எப்போது வாங்கினோம்? ஞாபகமில்லை. இன்னமும் தினம் இரண்டு டம்ளர் டீ போடுகிறவரின் ஞாபகத்தை என்ன சொல்ல?

காகிதம் சுருண்டிருக்கும், அதனால்தான் பத்தரை என்று முடிவு செய்தார். தலையை அகராதிக்கு அடியில் வைத்து, மேலே தானும் ஏறி உட்கார்ந்தார். தலை தட்டையானது; அகராதி அட்டையோடு ஒட்டியும் கொண்டது. தண்ணீர் தொட்டுப் பிரித்தார். ஒரு பல் அகராதியிலேயே தங்கிவிட்டது. அதைப் பசை தடவி ஒட்டினார். இப்போது வலப்பக்கம் எந்தக் கணக்குக்கும் கட்டுப்படவில்லை.

அடுத்த தெருவில் இருக்கும் சேகரிப்போர் சங்கச் செயலாளரிடம் ஓடினார்.

"ஒரு பல் ஒட்டுப்பல் மாதிரி இருக்கே சார்?"

"அது நான் பண்ணது."

"மத்ததும் யாரோ பண்ணதுதான். பழைய பல்லை வெட்டிட்டுப் புதுசா ஓட்டை போட்டிருக்காங்க. தலையே ஒரு சுத்து சின்னதா இருக்கு பாருங்க. யார் உங்ககிட்ட தள்ளிவிட்டது?"

"தெரியலையே."

"கத்துக்குட்டி வேலை சார். மூணு பக்கம் ஒழுங்கா வந்து, நாலாவதுல கோணிக்கிட்டுப் போகுது."

வீட்டுக்கு வந்தால், கீழ்வீட்டுத் தையல்காரி மனைவியின் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அதை எடுத்துப் போகச் சொன்னதே அவர்தான். அது சும்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் டீ குடிக்க முடியவில்லை.

"ஏன் சார் முகம் இப்படி இருக்கு?"

"எவனோ ஏமாத்திட்டாம்மா. இருபது வருஷமா தேடினதுக்கு ஒரு போலி." தலையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். "கிழிச்சாத்தான் மனசு ஆறும்."

அவள் எண்ணெய்க் கையோடு எழுந்து ஓடிவந்தாள்.

"ஐயோ, கிழிக்காதீங்க சார்! அக்கா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வாரம் பூரா, இந்த மிஷின்ல நூலே கோக்காம இதைத்தான் தைச்சாங்க. எட்டு தலை வீணாப் போச்சு, ஒன்பதாவதுல மூணு பக்கம் நல்லா வந்துடுச்சு, கடைசிப் பக்கம் வர்றப்பதான் கை நடுங்கிடுச்சு."