சோமனூர் வழியாக மாலத்தீவு

"சால்வை போடுததுக்கு முன்னால நான் ஒரு வார்த்தை சொல்லிருதேன்யா" என்று தேவஇரக்கம் மைக்கைப் பிடித்தார்.

"ஆமென்!" என்றது சபை.

போதகர் ஞானாபரணம் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "பார்த்தீர்களா தாழ்மையை! கடல் கடந்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிறவர், இங்கே ஒரே ஒரு வார்த்தை போதும் என்கிறார்!"

கைதட்டலுக்கு நடுவே சால்வை தோளில் விழுந்தது. அதன் பின்னாலேயே சபையின் அன்பளிப்பாக ஒரு புதுப் பெட்டியும் வந்தது. அவர் சொல்ல நினைத்தது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அந்த வேலை இன்னும் கிடைக்கவில்லை என்பதைத்தான்.

தேவஇரக்கம் சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரர். பிழைக்க வந்த திருப்பூரில், மண்ணரையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில், பனியன் கம்பெனி ஆட்களுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுத்து வந்தார். மாலத்தீவில் பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்குக் கோயமுத்தூரில் நேர்முகத் தேர்வு வைத்தார்கள். போனார், பேசினார். எதிரே இருந்தவர் கைகுலுக்கி, தகவல் வரும் என்றார். அந்தக் கைகுலுக்கலை வீட்டுக்கு வந்து கொஞ்சம் விலாவாரியாகச் சொல்லிவிட்டார். அதுதான் வினை. அடுத்த ஞாயிறே மனைவி ஜெபக்கனி சபையில் எழுந்து நின்று, "கர்த்தர் எங்களுக்கு மாலத்தீவைத் திறந்துட்டார்" என்று சாட்சி சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

ஜெபக்கனி பொய் சொல்கிறவள் இல்லை. கிடைக்கப் போவதற்கு முன்கூட்டியே நன்றி சொல்வது அவள் கணக்கில் விசுவாசம். உலை கொதிக்குமுன்னே ஸ்தோத்திரம் சொல்லி இலை போடுகிற ரகம்.

"நாளைக்கே போதகரய்யாகிட்ட உள்ளதைச் சொல்லிருவோம்" என்றார் தேவஇரக்கம், விழா முடிந்து வீட்டுக்கு வந்ததும்.

"என்னத்தச் சொல்லுவீய? சாட்சியை வாபஸ் வாங்குதோம்னா? கர்த்தர் திறந்தார்னு நான் மைக்கில சொல்லியிருக்கேன். இப்ப இல்லைன்னா யாரு பொய்க்காரரு? நானா, அவரா?"

தேவஇரக்கம் இரண்டு பேரையும் யோசித்துப் பார்த்துவிட்டு சால்வையை மடிக்க ஆரம்பித்தார்.

"தகவல் கட்டாயம் வரும். வரலைன்னா, இனி எந்த மூஞ்சியோட நான் கோயிலுக்குப் போவேன்?" என்று அவள் கண்கலங்கினாள். அவருக்கு நெஞ்சு உருகிவிட்டது. அவரை நம்பி ஊரறியச் சாட்சி சொன்ன ஒரே ஆள் இந்த உலகத்தில் அவள்தான். அவள் சபை முன்னால் தலைகுனியக்கூடாது. அதற்காக எதையும் செய்யலாம் என்று அன்று முடிவெடுத்தார். நல்ல மனிதர்கள் கெட்டுப்போவது இப்படித்தான்.

முதலில் நாளைக் கடத்தப் பார்த்தார். "டிக்கெட் விசாரிக்கணும்யா" என்றார். கோயமுத்தூருக்கு பாஸஞ்சர், அங்கிருந்து திருவனந்தபுரம், அப்புறம் விமானம் என்று போதகரே வழி சொல்லி, வருகிற சனிக்கிழமை என்று நாளும் குறித்துவிட்டார். "உடம்பு சரியில்லைய்யா" என்றார். சபையார் முறைவைத்து வீட்டுக்கு வந்து, தலையில் கைவைத்து ஜெபித்து, அவரைக் குணமாக்கிவிட்டுத்தான் போனார்கள்.

சனிக்கிழமை காலை, ஜெபக்கனி வேலை பார்க்கும் கம்பெனியின் வேனில் சபையே ஸ்டேஷனுக்கு வந்து இறங்கியது. டிரைவர் நஜீமுதீன் பெட்டியைத் தூக்கி ரயிலுக்குள் வைத்தார். பாட்டுப் பாடினார்கள். போதகர் அழுதார். ரயில் நகர்ந்ததும் தேவஇரக்கமும் அழுதார். அவர் அழுததற்குக் காரணம் வேறு.

கோயமுத்தூர் வரை போனால் தெரிந்தவர் கண்ணில் பட நேரும். சோமனூரிலேயே இறங்கிவிட்டார். ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் அடுத்தது என்ன என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து பெஞ்சில் இருந்தவர் அவரையும் பெட்டியையும் சால்வையையும் மாறி மாறிப் பார்த்தார். சாமளாபுரத்தில் விசைத்தறி வைத்திருக்கும் ராசப்பன்.

"ஊடு வேணுங்களா?" என்றார் ராசப்பன்.

"ஆமா... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தாத் தெரியுதுங்களே. நம்மகிட்ட லைன் ஊடு இருக்குதுங்க. டீயைக் குடிச்சுப்போட்டு வாங்க."

எந்த ஊர், எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள் என்று ஒரு கேள்வி கிடையாது. கொங்கு நாட்டு மரியாதையே மரியாதை என்று தேவஇரக்கம் பூரித்துப்போனார்.

தறிக்கூடத்தை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். பக்கத்து வீடு பூட்டிக்கிடந்தது. அதற்கடுத்த வீட்டு அமானுல்லா பகலில் வெளியே தலைகாட்டுவதே இல்லை. இருட்டிய பிறகு வாசலில் பார்த்தால் மரியாதையாகச் சிரிப்பார். அவரும் எதுவும் கேட்டதில்லை.

சும்மா இருக்க முடியாமல், தேவஇரக்கம் சாயந்திரங்களில் தறி முதலாளிகளுக்கு இங்கிலீஷ் நடத்த ஆரம்பித்தார். தறிச் சத்தத்தில் வாத்தியாரும் கத்த வேண்டும், மாணவர்களும் கத்த வேண்டும். அவருடைய இங்கிலீஷ் சின்ன வயதில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரின் ஜெபங்களைக் கேட்டு வந்தது. ஆகவே பாடத்திலும் பழைய வேதாகம வாசனை கொஞ்சம் தூக்கல்; 'யூ' என்று வர வேண்டிய இடத்தில் 'தௌ' என்றுதான் வரும். நூல் கொண்டுவரத் தாமதித்த ஏஜெண்டைப் பார்த்து ராசப்பன் விரலை உயர்த்தி, "தௌ ஆர்ட் லேட்!" என்று முழங்கினார். ஏஜெண்ட் அடுத்த நாள் விடியும் முன்னே நூலோடு நின்றான்.

நிஜமாகவே கடல் கடந்திருந்தாலும் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லிக்கொடுத்திருப்பாரா தெரியாது. படுக்கும்போதுதான் மனசு குத்தும். முழங்கால் போடுவார். "ஆண்டவரே, நான் எங்கே இருக்கேன்னு உமக்குத் தெரியும். சபைக்கு மட்டும் தெரியாமப் பாத்துக்கிடும்" என்பார். சொன்ன பிறகு, இதைப் போய் அவரிடம் கேட்கிறோமே என்று வெட்கமாக இருக்கும்.

ஒரு ஞாயிறு சாயந்திரம், அவர் எழுதியனுப்பிய விலாசத்தைத் தேடி ஜெபக்கனி முக்காடு போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். கையில் டேப் ரெக்கார்டர்.

"உங்க குரலைக் கேக்கணும்னு சபையில ஆசைப்படுதாவ. வெளிநாட்டுக்குப் போனவிய எல்லாரும் கேசட்தான அனுப்புதாவ? நாலு வார்த்தை பேசுங்க."

பேசினார். கடலைப் பற்றி, மீனைப் பற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி. பின்னணியில் தறி 'தடக் தடக்' என்று ஓடியது. நடுவில் யார் வீட்டுச் சேவலோ கூவியது. சேவல் கூவுமுன் தன் ஆண்டவரையே தெரியாது என்று மறுதலித்த ஒருவரைப் பற்றி ஞாயிறு பள்ளியில் அவரே கதை சொல்லியிருக்கிறார். பேச்சை அவசரமாக ஓட்டினார். கடைசியாக "சபையார் அனைவருக்கும்..." என்று முடிக்கப் போகும் நேரத்தில் வாசலிலிருந்து ராசப்பன் குரல் கொடுத்தார்: "வாத்தியாரே, பைப்புல தண்ணி வந்திருச்சுங்க!"

வேறு கேசட் இல்லை. அதுவே போனது.

அடுத்த வாரம் ஜெபக்கனி வந்ததும் தேவஇரக்கம் பதறினார். "தறிச் சத்தத்தை என்னன்னு கேக்கலியா?"

"கேட்டாவ. கடல்ல ஓடுத மோட்டார் போட்டுன்னுட்டேன்."

"சேவல்?"

"மாலத்தீவுல சேவல் கூவாதோ?"

"ராசப்பன்?"

ஜெபக்கனி தயங்கினாள். "போதகரய்யா அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். 'அங்கேயும் நம்ம கொங்கு ஜனங்க தண்ணிக்குத் தவிக்காங்களே, போக ஆளில்லையே'ன்னு கண்ணீர் விட்டுட்டார். இப்ப சபையில பாதிப்பேருக்கு வெளிநாட்டுக்கு ஊழியம் செய்யப் போகணும்னு பாரம் வந்திட்டு. எங்க கட்டிங் மாஸ்டர்கூட எங்கயோ எழுதிப் போட்டிருக்கார்."

கூடவே இன்னொரு செய்தியும் கொண்டுவந்திருந்தாள். மாலத்தீவு வேலைக்கு வேறு ஆளைப் போட்டாகிவிட்டதாம். அதைச் சொல்லும்போது அவள் குரல் கேட்கவே இல்லை.

"அப்ப ஒண்ணு செய்வோம். வேலை பிடிக்கல, விட்டுட்டு வந்துட்டேன்னு சொல்லிருதேன்" என்றார்.

"அது பொய்யில்லா?" என்றாள் ஜெபக்கனி, நிஜமாகவே அதிர்ந்துபோய்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. கம்பெனியில் ஷிப்மெண்ட் நேரம், ஞாயிற்றுக்கிழமையும் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை, துணி எடுக்க வந்த நஜீமுதீன்தான் வேனை நிறுத்தாமலே ஜன்னல் வழியாகக் கத்தினார். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும். ஜெபக்கனிக்கு அவர்தான் தபால்காரர்.

"சார், அம்மா சொல்லச் சொன்னாங்க! போதகரு நாளைக்குக் கெளம்பறாராமுங்க! சபை பூரா கூட வருது, நாந்தான் வண்டி! நீங்க வெளிய வந்துறாதீங்க!"

தேவஇரக்கம் மனசுக்குள் கணக்குப் போட்டார். போதகர் சனிக்கிழமைகளில் பாட்டுக் குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் பண்ணுகிறவர். சாமளாபுரத்தின் முறை வந்துவிட்டது.

சனிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். தெருவில் எந்த வண்டி ஹாரன் அடித்தாலும் மூலைக்குப் போனார். மத்தியானத்துக்கு மேல் அவருக்கே சலித்துப்போனது. ஊர் முன்னால் பிடிபட்டால் அசிங்கம் ஜெபக்கனிக்கு. அதற்குள் போதகரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிட்டால் பழி தன்னோடு நின்றுபோகும். இனி ஒளிய மாட்டேன் என்று சட்டையை மாட்டினார். பல நாளுக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

கதவு தட்டப்பட்டது. "தெறங்க வாத்தியாரே, நாந்தானுங்க" என்றது ராசப்பனின் குரல்.

திறந்தார். ராசப்பனுக்குப் பின்னால் போதகர் ஞானாபரணம் நின்றிருந்தார். கையில் பெரிய பெட்டி. ஆர்மோனியத்தையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்த தேவஇரக்கம், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"ஐயா, நான் மாலத்தீவுக்குப் போகலைய்யா. வேலையே கிடைக்கல. ஜெபக்கனி மேல ஒரு தப்பும் இல்ல, அவ விசுவாசத்துல சொன்னா. ஒளிஞ்சது நான், கேசட்ல புளுகினது நான். சபையில என்ன தண்டனையும் எனக்குக் குடுங்க. அவளை மட்டும் யாரும் ஒரு சொல்லு சொல்லப்படாது."

போதகர் தரையைப் பார்த்தார். பிரசங்க மேடையில் ஒரு தடவைகூட வார்த்தைக்குத் தடுமாறாத மனிதர், பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு நின்றார்.

ராசப்பன் மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார்.

"அட, அழுவாதீங்க வாத்தியாரே. சாமியும் உங்களாட்ட இன்னிக்குக் காலையிலதான் ஜெர்மனிக்குப் போயிருக்கறாருங்க. பக்கத்து ஊட்டக் கூட்டணும், வெளக்கமாறு இருந்தாக் குடுங்க."