ஆலமரத்தைப் பாராட்டிய கதை

நான் ஒரு முட்டாள். இதை மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்கள் சொல்லும்போது கூட இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்கிறார்கள். (அம்மா நான்கு சேர்ப்பாள்.)

சினிமாவைப் பற்றி எழுதுவதை ஏன் நிறுத்திவிட்டாய் என்று பழைய வாசகர்கள் சிலர் கேட்கிறார்கள். சிலர் என்றால் மூன்று பேர். அதில் ஒருவர் என் அக்காள் கணவர். அவர்களுக்கான பதில்தான் இது.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளனாக இருக்கிறேன். மாணவர்கள் உடைத்த கண்ணாடிக் குழாய்களைக் கூட்டி அள்ளுவதும், உடைக்கப்போகும் குழாய்களைக் கழுவி அடுக்குவதும் என் வேலை. இதில் உலகத்துக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாயும் திறக்காது. ஆனால் கையில் போனைக் கொடுத்துவிட்டால் கட்டைவிரல்கள் இரண்டும் பேய் பிடித்ததுபோல ஆடும். மாதக் கடைசி ஞாயிறு தவறாமல் முகநூலில் ஒரு பதிவு போடுவேன். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: ‘வீட்டு நடப்பும் பார்த்த படங்களும்’. முதலில் வீட்டு நடப்பு. மாடித் தொட்டி ஒழுகுவது, அம்மாவின் முழங்கால் வலி, எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியது. அதற்குக் கீழே அந்த மாதம் பார்த்த படங்கள், அவற்றில் இயக்குநர்கள் செய்த பிழைகள், நான் எடுத்திருந்தால் எப்படி எடுத்திருப்பேன் என்ற விளக்கம். (நான் இதுவரை எடுத்த ஒரே படம், அக்காள் மகளின் காதுகுத்துக்கு எடுத்த வீடியோ. அதில் காது வராது.)

போன வருடம் ஒரு மாதம் வீட்டு நடப்பு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. முப்பத்திரண்டு வயதில் எனக்குப் பெண் அமைந்தது. ஊர் களக்காடு. பெயர் கோமதி. அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். தாய்மாமன் ஆறுமுகநயினார்தான் வளர்த்துப் படிக்கவைத்தவர். வாழைத் தோட்டம் வைத்திருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதாம்பூலம் என்று பேசி முடித்தார்கள். அப்பா இல்லாத பெண் என்றால், நாங்கள் நீட்டும் தாம்பூலத் தட்டைத் தாய்மாமன்தான் வாங்கவேண்டும். அவர் கைநீட்டி வாங்கினால் கல்யாணம். வாங்காவிட்டால் தட்டும் கையுமாகத் திரும்பி பஸ் ஏறவேண்டியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டைவிரலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பெண் அமைந்த செய்தியை முதல் பத்தியில் எழுதிவிட்டு, படங்களுக்கு வந்தேன். மூன்று படங்கள் பார்த்திருந்தேன்.

முதலாவது அடிதடி. கதாநாயகன் முப்பது பேரை அடிக்கிறான். அடி வாங்குவதற்காக முப்பதாவது ஆள் அவ்வளவு அமைதியாக வரிசையில் நிற்கிறான். அந்தப் பொறுமையை ரேஷன் கடையில்கூடப் பார்த்ததில்லை என்று எழுதினேன். இரண்டாவது பேய்ப்படம். பாழடைந்த வீட்டில், தண்ணீர் வசதி இல்லாமல், இவ்வளவு வெள்ளையாகச் சேலை துவைக்கும் பேயை எங்கள் வீட்டுக்கு அனுப்பினால் அம்மாவுக்கு ஒத்தாசையாக இருக்கும் என்று எழுதினேன். இதுவரை யாருக்கும் பாதகமில்லை.

மூன்றாவது, பாபநாசம் மலையடிவாரத்தில் எடுத்த கிராமத்துப் படம். அதில் மூன்று நிமிடம் ஓடும் பஞ்சாயத்துக் காட்சி ஒன்று. ஆலமரத்தடியில் பத்துப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவர், பெரிய மீசையும் உருமாலுமாக, எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். ‘நான் திருடல’ என்கிறான் ஒருவன், ஆட்டுகிறார். ‘இவன்தான் திருடினான்’ என்கிறான் இன்னொருவன், அதற்கும் ஆட்டுகிறார். தூரத்தில் மாடு கத்துகிறது. அதற்கும்.

நான் எழுதியது இதுதான்: ‘இந்தக் காட்சியில் நன்றாக நடித்திருப்பது ஆலமரம். தேவையில்லாமல் ஓர் இலையைக்கூட அசைக்கவில்லை. பெரியவர் அதனிடம் பயிற்சி எடுத்துக்கொள்ளலாம்.’ அதோடு விட்டேனா? ட்ரெய்லரிலிருந்து அந்தக் காட்சியைப் படம் பிடித்து, பெரியவரின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டமும் போட்டேன். எந்தப் பெரியவர் என்று வாசகர்கள் குழம்பிவிடக்கூடாது பாருங்கள்.

மறுநாள் காலையில் பார்த்தால், வழக்கமாகப் பத்து விருப்பம் தாண்டாத என் பதிவை ஒரு கூட்டமே பார்த்திருந்தது. பாதிப் பேர் களக்காடு. புகழ் மாமியார் ஊர்வரை பரவிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்கு ஆய்வகத்தில் இரண்டு குழாய்களை நானே உடைத்தேன்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் கோமதி போன் செய்தாள். அவளாகச் செய்த முதல் போன்.

“படத்துல வட்டம் போட்டிருக்கியல்லா, அது யாருன்னு தெரியுமா?”

“யாரோ துணை நடிகர். ஏன், நல்லாருந்துச்சா?” என்றேன் நான்.

“அது எங்க மாமா.”

கையிலிருந்த தயிர்சாத உருண்டை டப்பாவுக்கே திரும்பிப் போனது.

“உங்க மாமாவ நான் பாத்ததே இல்லையே?”

“பொண்ணு பாக்க வந்தன்னைக்கு ஒங்களுக்கு நேர் எதிர்த்தாப்புல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாவ.”

“மீசை...”

“அது ஒட்டுமீச. மீச இருந்தாலும் இல்லாட்டாலும் நீங்க எங்க பாத்திய? தட்டுல இருந்த சுசியத்தல்லா பாத்துக்கிட்டு இருந்திய.”

உண்மைதான். கூச்சத்தில் அன்றைக்கு நான் தலையை நிமிர்த்தவே இல்லை. பெண்ணையே போட்டோவில்தான் சரியாகப் பார்த்தேன். (சுசியம் நன்றாக இருந்தது.)

அப்புறம் அவள் சொன்னாள். பெரியவர்கள் பத்துப் பேர் வேண்டும் என்று படப்பிடிப்புக்காரர்கள் கேட்டு வந்தபோது, மாமா இரண்டு நாள் தோட்ட வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். படம் வந்ததும் சொந்தக்காரர்கள் நாற்பது பேர் இரண்டு வேன் பிடித்து அம்பாசமுத்திரத்தில் மதியக் காட்சிக்குப் போயிருக்கிறார்கள். மாமா தலையாட்டும்போதெல்லாம் கைதட்டியிருக்கிறார்கள்.

“அந்த நாப்பது பேரும் இப்ப ஒங்க பதிவத்தான் படிக்காவ” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் பதிவை அழித்துவிட்டுச் சும்மா இருப்பான். நான் அழித்தேன். சும்மா இருக்கவில்லை. சாயங்காலம் புதிதாக ஒன்று எழுதினேன்: ‘மறுபார்வையில் தோன்றியது. அந்தப் பெரியவரின் ஒவ்வொரு தலையாட்டலுக்கும் ஓர் அர்த்தம் இருக்கிறது. நீதிக்கு ஒன்று, அநீதிக்கு ஒன்று, மாட்டின் துயரத்துக்கு ஒன்று. இப்படியொரு நடிப்பை உலக சினிமாவில் பார்த்ததில்லை.’

நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், மனதாரத்தான் எழுதினேன். ஆனால் இத்தனை வருடம் கேலி மட்டுமே எழுதிய கையை யார் நம்புவார்? முதல் பதிவுக்குச் சிரித்ததைவிட இதற்கு அதிகமாகச் சிரித்தார்கள். அக்காள் கணவர், ‘மாட்டை விடாதே மாப்ளே’ என்று கீழே எழுதி, கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை ஏழு போட்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் கோமதியின் அம்மா எங்கள் அம்மாவுக்குப் போன் செய்தார்கள். மாமா சொன்னதை அப்படியே சொன்னார்கள்: “தட்டு வாங்குததுக்கு நான் எதுக்கு? ஒரு ஆலமரத்தக் கொண்டாந்து நிப்பாட்டுங்க. அதுதான் நல்லா நடிக்குமாம்லா.”

அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அம்மாவுக்குப் பேச்சு வராமல் போனதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். கொஞ்சம் கழித்து வந்தது.

“ஏ மூதி! ஊருல அத்தன பேரு நடிக்கான், ஒனக்கு வட்டம் போட மாமனார் தலதான் கெடச்சுதா?”

புதன்கிழமை லீவு போட்டேன். டவுணில் அல்வா வாங்கிக்கொண்டு, நானும் அம்மாவும் சேரன்மகாதேவி வழி பஸ்ஸில் களக்காட்டுக்குப் புறப்பட்டோம். வழிநெடுக என்ன சொல்லவேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். பக்கத்தில் அம்மா, “அங்கன போயி நீ வாயத் தொறக்கப்பிடாது. நான் பேசிக்கிடுதேன்” என்றாள். அல்வாப் பொட்டலம் என் மடியில் சூடாக இருந்தது. கோமதி கிடைக்காமல் போய்விட்டால் என்ன ஆகும் என்று அப்போதுதான் உறைத்தது. ஞாயிறு வரை அவள் எனக்கு வீட்டு நடப்பில் ஒரு பத்தி. இப்போது போனை எடுத்து அவள் போட்டோவை மறுபடி பார்த்தேன்.

மாமா தோட்டத்தில் ஏத்தன் வாழைக்கு முட்டுக்கம்பு கொடுத்துக்கொண்டிருந்தார். மீசை இல்லை. கண்ணில் தடிமனான கண்ணாடி.

“வாங்கம்மா. இங்கன நெழல்ல உக்காருங்க” என்றார் அம்மாவிடம். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.

“அண்ணாச்சி, இவன் ஒரு கோட்டிக்காரப் பய. வெளங்காத மூதி. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதிய” என்றாள் அம்மா. (முதல் பத்தியில் சொன்ன நான்கு வார்த்தை.)

மாமா என் பக்கம் திரும்பி, என் மூக்கிலிருந்த கண்ணாடியைப் பார்த்தார்.

“கண்ணாடி இல்லாம ஒமக்குக் கண்ணு தெரியுமா வே?”

“தெரியாது மாமா.”

“எனக்கும் தெரியாது. அந்தக் காலத்துப் பஞ்சாயத்து, கண்ணாடியக் கழத்துங்கன்னுட்டான் டைரக்டரு. கழத்துனேன். எதிர்த்தாப்புல யாரு நிக்கா, யாரு பேசுதான்னு ஒரு மண்ணும் தெரியல. ‘சத்தம் வந்தா தலைய ஆட்டுங்கய்யா’ன்னான். ஆட்டுனேன். மாடு கத்துனதும் சத்தம்தான வே?”

“ஆமா மாமா” என்று அல்வாப் பொட்டலத்தை நீட்டினேன்.

“கழத்தும்” என்றார்.

“எத மாமா?”

“கண்ணாடிய.”

பம்ப்செட் தொட்டியின் கட்டைச்சுவரில், வெயிலைப் பார்க்க உட்காரவைத்தார். தன் தோள் துண்டை எடுத்து என் தலையில் உருமாலாகக் கட்டினார். என் கண்ணாடியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“இப்ப ஆட்டும். மூணு நிமிஷம்.”

ஆட்டினேன். முன்னால் பச்சையாக ஏதோ தெரிந்தது. அது வாழையா, அம்மாவா என்று தெரியவில்லை. (அம்மா பச்சைச் சேலை.) வெயில் கண்ணைக் குத்தியது. ஒரு நிமிடத்தில் கழுத்து இறுகியது. இலை அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் பக்கத்தில் எங்கோ நின்றுவிட்டார்கள்.

“யக்கா, அந்தத் தம்பிக்கு என்ன செய்யுது?”

“நம்ம கோமதிக்குப் பாத்த மாப்பிள்ளையாம்.”

“அதுக்குள்ளயே தலையாட்டப் பழகுதாராக்கும்!”

அதற்கும் தலையாட்டினேன். சத்தம் வந்ததே. மோட்டார் ஓடத் தொடங்கியது, அதற்கும் ஆட்டினேன். எங்கோ அந்தப் பெண்கள் சிரித்தார்கள், அதற்கும். மாமா உட்கார்ந்திருந்த வட்டத்துக்குள் இப்போது நான் உட்கார்ந்திருந்தேன். அவராவது இதை இரண்டு நாள் செய்திருக்கிறார். யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கப்போவதில்லை என்று நம்பிச் செய்திருக்கிறார்.

“மாமா, தப்புத்தான். மன்னிச்சிருங்க” என்றேன், ஆட்டிக்கொண்டே.

“பைய ஆட்டும். கழுத்து கழண்டுராம” என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் அம்மா இருந்த பக்கமிருந்து மாமாவின் குரல் வந்தது.

“வெள்ளிக்கிழம நல்ல நேரம் எத்தன மணிக்குன்னு சொன்னிய?”

அம்மா ஒன்பதரைக்கு என்றாள். நான் அதற்கும் தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு மாமா தட்டை வாங்கினார். வாங்கும் முன்பு ஒரு கணம் நிறுத்தி, பந்தலுக்கு வெளியே மரம் ஏதாவது நிற்கிறதா என்பதுபோல எட்டிப் பார்த்தார். நாற்பது பேரும் சிரித்தார்கள். எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மண்டப வாசலில் கட்ட, மாமாவே தன் தோட்டத்திலிருந்து குலை தள்ளிய வாழைமரம் இரண்டு வெட்டிக்கொண்டு வந்தார். கோமதிக்கு டவுண் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மாடித் தொட்டி இன்னும் ஒழுகுகிறது. வீட்டு நடப்பு இவ்வளவுதான்.

படங்களைப் பற்றிச் சொல்வதானால், போன வாரம் நானும் கோமதியும் ஒரு படம் பார்த்தோம். கதாநாயகன் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் கூட்டம் வரும் காட்சிகளைத்தான் பார்க்கிறேன். பஸ்ஸில் பின்சீட்டில் இருப்பவர், கல்யாணப் பந்தியில் அப்பளம் நொறுக்குகிறவர், முப்பதாவது ஆளாக அடி வாங்க நிற்பவர், ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். இவர் யாருக்கு மாமாவோ என்று பயமாக இருக்கிறது. வெளியே வந்ததும், “படம் எப்படி?” என்று கோமதி கேட்டாள். எல்லாரும் நன்றாக நடித்திருக்கிறார்கள் என்றேன். “பேயுமா?” என்றாள். பேயும்தான்.

போன ஞாயிறு எங்கள் கல்யாண வீடியோ வந்தது. களக்காட்டு வீட்டில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். ஐயர் ஏதோ சொல்கிறார், நான் தலையாட்டுகிறேன். அம்மா ஏதோ சொல்கிறாள், ஆட்டுகிறேன். மண்டப வாசலில் போட்டோக்காரர் இப்படித் திரும்பச் சொல்கிறார், திரும்பாமல் ஆட்டுகிறேன். மேளச் சத்தத்துக்குக்கூட ஆட்டியிருக்கிறேன். மூன்று மணி நேர வீடியோவில் என் தலை நின்ற இடமே இல்லை.

நாலு பேர் முன்னால் திறக்காத என் வாய் அன்றைக்குப் பார்த்துத் திறந்தது. மாமாவிடம் திரும்பி, “எப்படி மாமா இருக்கேன்?” என்று கேட்டேன்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு டிவியை நிதானமாகப் பார்த்தார்.

“வாழமரம் நல்லா நடிச்சிருக்கு வே.”